இரண்டு விரல் விட்டு

வந்தவர் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டரம்மா சொல்லிவிடுவார்: "இடுப்பு முப்பத்தெட்டு. போன தடவ முப்பத்தாறு. என்ன சார், வீட்ல கவனிப்பு பலமோ?" வந்தவர் அவசரமாக வயிற்றை உள்ளே இழுப்பார். "இழுத்துப் பிரயோஜனம் இல்ல சார், நீங்க வாசப்படி ஏறும்போதே பாத்துட்டேன்." அதற்கப்புறம்தான் கழுத்தில் மாலை போலத் தொங்கும் டேப் கீழே இறங்கும். அது வந்தவரின் மனத் திருப்திக்கு. இத்தனை வருடத்தில் அந்த டேப் ஒருநாள்கூட மாஸ்டரம்மாவை எதிர்த்துப் பேசியதில்லை.

பஸ் டிப்போவுக்கு எதிர்ச் சந்தில், மாடிப்படிக்கு அடியில் குனிந்து நுழைந்து பின்பக்கம் போனால் அவருடைய பட்டறை. ஆறு தையல் மெஷின், எட்டடி நீளத்துக்கு ஒரு வெட்டு மேசை, ஜன்னலோரம் ஓர் இஸ்திரி மேசை. பள்ளிக்கூடச் சீருடை, காவலாளி சீருடை, ஆஸ்பத்திரிச் சீருடை எல்லாம் இங்கிருந்துதான் போகின்றன. உட்கார்ந்து தைக்க ஆறு பெண்கள். நின்று வெட்ட ஒரே ஆள், மாஸ்டரம்மா. "தைக்கிறதுக்குக் கை இருந்தாப் போதும். வெட்டறதுக்கு நெஞ்சு வேணும். தப்பாத் தச்சா பிரிச்சுக்கலாம், தப்பா வெட்டினா தலை முழுகிட்டுப் போக வேண்டியதுதான்" என்பார்.

பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு அவரைக் கைகழுவியது. இல்லை, தான்தான் பள்ளிக்கூடத்தைக் கைகழுவியதாக அவர் வாதம். "நான் அஞ்சாவது ஃபெயிலு. ஆனா பட்டம் வாங்கினவங்க பட்டம் வாங்கப் போறப்ப போட்ட கோட்டு நான் வெட்டினது." இதைச் சொல்லும்போது குரல் இரண்டு மெஷின் சத்தத்தைத் தாண்டும். பெருமை அடித்துக்கொள்கிறார் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். ஒண்டியாக ஒரு மெஷினை வாடகைக்கு எடுத்து, அதை ஆறாக்கி, ஆறு வீட்டில் அடுப்பெரிய வைத்த ஒருவர் பெருமை அடிக்காவிட்டால் வேறு யார் அடிப்பது? சும்மா இருந்து சாப்பிட்டவனா அடிப்பான்?

இஸ்திரி மேசைக்குப் பின்னால் நிற்பவர் அவருடைய கணவர். அவரைவிட அவருடைய இஸ்திரிப் பெட்டி அதிகம் பேசும். அதாவது, தண்ணீர் தெளித்தால் புஸ் என்றாவது சொல்லும். இவருக்கு "ம்" ஒன்று போதும். ஆமாம் என்பதற்கு ஒரு "ம்", இல்லை என்பதற்குக் கொஞ்சம் நீளமாக ஒரு "ம்". தெருவெல்லாம் தேய்த்துக் கொடுக்கிற அந்த மனிதரின் சட்டையில் மட்டும் இடது பை எப்போதும் பழுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும். அதற்குள் சர்க்கரைப் பொட்டலம். முப்பத்தைந்து வருடமாக அந்தப் பை காலியாக இருந்ததில்லை. எறும்பு ஊர்கிறது என்று யாராவது சொன்னால் தட்டிவிட்டு மறுபடி தேய்ப்பார்.

அந்தச் சர்க்கரை மாஸ்டரம்மாவுக்கு. இருபத்தாறு வயதில் வந்த நீரிழிவு. மாத்திரைக்கு மசியாத வகை. முதல் நாளிலிருந்தே இன்சுலின் ஊசிதான். நாளுக்கு நான்கு. அதையும் அவர் பெருமையாக்கிவிட்டார். "நாளுக்கு நாலு, முப்பத்தஞ்சு வருஷம். பெருக்கிப் பாரு. ஊர்ல எந்தத் தையக்காரியாவது இத்தனை குத்து வாங்கிருக்காளா? குத்தறவளுக்குத்தான் குத்தோட அருமை தெரியும்."

சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் இரண்டு வருடமாகச் சிரிப்புக்கு அடியில் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. முன்பெல்லாம் சர்க்கரை கீழே இறங்கினால் உடம்பு முன்கூட்டியே தகவல் சொல்லும். வேர்க்கும், விரல் நடுங்கும், பசி கிள்ளும். இப்போது தகவல் வருவதில்லை. நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், அடுத்த நிமிடம் சொல்லுக்கும் அர்த்தத்துக்கும் சம்பந்தம் இருக்காது. அதனால்தான் பெரிய டாக்டர், "ஊசி போதும்மா, பம்ப்புக்கு மாறிடலாம்" என்றார்.

பம்ப் என்றால் சீட்டுக்கட்டு அளவு ஒரு பெட்டி. அதிலிருந்து நூல் மாதிரி ஒரு குழாய் வந்து வயிற்றில் ஒட்டியிருக்கும். நாள் முழுக்கத் துளித்துளியாக இன்சுலின் விடும். சாப்பிடும்போது மட்டும், தட்டில் மாவுச்சத்து எத்தனை கிராம் என்று நாம் அதற்குச் சொல்ல வேண்டும். பத்து கிராமுக்கு ஒரு யூனிட் என்று அதுவே கணக்குப் போட்டு அனுப்பும். மாட்டிக்கொள்வதற்கு முன்னால் இரண்டு மாதம் படிப்பு. சோற்றையும் ரொட்டியையும் பார்த்துக் கிராம் சொல்லப் பழக வேண்டும். அந்தக் கிராமுக்கு ஏற்றபடி ஊசி போட்டுக்கொண்டே ஒவ்வொரு வேளையும் நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும். நோட்டு சரியாக இருந்தால்தான் பம்ப்.

"அறுபத்தோரு வயசுல என்னை மறுபடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறாங்க" என்று சலித்துக்கொண்டே போனார் மாஸ்டரம்மா. பாடம் சொல்லித் தரும் நர்ஸைப் பார்த்ததும் சலிப்பெல்லாம் போய்விட்டது. தோளைப் பிடித்து அந்தப் பெண்ணைத் திருப்பிக் காலரின் உள்பக்கத்தைப் பார்த்தார். "இது என் வெட்டு சிஸ்டர். ஆனா உங்களுக்குத் தோளு ஒரு விரல் இறங்குது. வேற யாருக்கோ வெட்டினதைக் குடுத்திருக்காங்க. அடுத்த தடவ நேரா எங்கிட்ட வாங்க." நர்ஸ் அன்றைக்கே சரணடைந்துவிட்டார்.

மாதிரிப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து இடுப்பில் வைத்துப் பார்த்தார். கூடவே வந்த கிளிப் பிடிக்கவில்லை. "இது என்ன, திருடன் சாவிக்கொத்து மாதிரி?" பழைய காடாத் துணியில் ஒரு பை தைத்தார். குனிந்தால் குத்தியது. இரண்டாவது பை உட்கார்ந்தால் சுழன்றது. நான்காவது பையில் குழாய்க்கு ஒரு காஜா போட்டார். சட்டைப் பொத்தானுக்குப் போடுவது போலவே, சுற்றிலும் நூல் கட்டி. ஏழாவது பை வெட்டு மேசையில் வளைந்து நெளிந்தாலும் அசையவில்லை. ஆறு பெண்களையும் வரிசையாகக் கூப்பிட்டுக் காட்டினார். "எவனோ கோட்டுப் போட்டவன் பெட்டியைச் செஞ்சான். அதை மனுஷி கட்டிக்கிற மாதிரி செஞ்சது யாரு?"

"நீங்கதான் மாஸ்டரம்மா" என்றார்கள் ஆறு பேரும். அதைச் சொல்லாமல் யாரும் மெஷினுக்குத் திரும்ப முடியாது.

இத்தனை ஆசையாகத் தயாரானவருக்குத்தான் அது நடந்தது. கிராம் கணக்கு எழுத ஆரம்பித்த மூன்றாவது வாரத்திலிருந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் நாலு மணி வாக்கில் சர்க்கரை இறங்க ஆரம்பித்தது. ஒருநாள் எழுபது, ஒருநாள் அறுபது. ஒரு செவ்வாய்க்கிழமை நீலத் துணியை இருபது அடுக்காகப் போட்டு, காவலாளிச் சட்டைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு அங்குலக் கத்தரிக்கோல் சாக்பீஸ் கோட்டை ஒட்டியே வந்துகொண்டிருந்தது. திடீரென்று கோட்டை விட்டு உள்ளே திரும்பியது. நிற்கவில்லை, துணியோடு அதுபாட்டுக்குப் போனது. "மாஸ்டரம்மா!" என்று கத்தியது காலர் தைக்கும் பெண். மாஸ்டரம்மா அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஆள் இல்லை.

இஸ்திரி மேசையிலிருந்து வெட்டு மேசைக்கு ஒன்பது அடி. கணவர் எப்படி வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு கை கத்தரிக்கோலைப் பிடித்தது, ஒரு கை வாயில் சர்க்கரையைத் திணித்தது. கால் மணி நேரத்தில் மாஸ்டரம்மா எழுந்து உட்கார்ந்து, இருபது இடது கைகள் முழங்கைக்கு மேலேயே முடிந்து கிடப்பதைப் பார்த்தார்.

கத்தரிக்கோல் இஸ்திரி மேசை இழுப்பறைக்குள் போனது. சாவி, சர்க்கரையோடு சட்டைப் பைக்குள் போனது.

"என்னங்க, விளையாடறீங்களா? எடுங்க அதை."

"ம்."

"என் கத்திரிங்க அது. நீங்க வாங்கிக் குடுத்ததா? உங்களையே நான்தான் வேலைக்கு வெச்சேன்!"

"டாக்டர் சொல்லட்டும்" என்றார் அவர். இரண்டு சொல். அதற்குமேல் அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

அடுத்த இரண்டு வாரம் காலர்க்காரி வெட்டினாள். மாஸ்டரம்மா அவள் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஏன்டி, துணிக்கு வலிக்குமேன்னு வெட்டறியா? அழுத்திப் போ." காலர்க்காரி திரும்பாமலே சொன்னாள்: "நீங்க மூச்சை வேற பக்கம் விடுங்க மாஸ்டரம்மா, கழுத்து கூசுது." எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரம்மாவும் சிரித்தார். ஆனால் வாசலில் ஆள் வந்தால் இடுப்பளவு சொல்வதை நிறுத்திவிட்டார். பேசாமல் டேப்பை இறக்கினார். ஒருமுறைக்கு இருமுறை பார்த்து எழுதினார்.

மனதுக்குள் ஓடியது இதுதான்: கண் போய்விட்டது. சோற்றைப் பார்த்து அளவு சொல்லத் தெரியாத கண், துணியைப் பார்த்து மட்டும் எப்படிச் சொல்லும்? நோட்டில் எழுதுவதெல்லாம் தப்பாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏன் தினமும் சர்க்கரை விழுகிறது? டாக்டரும் போனிலேயே சொல்லிவிட்டார். வியாழக்கிழமை நோட்டைப் பார்ப்போம், கணக்குச் சரியில்லை என்றால் பம்ப்பைத் தள்ளிப்போட வேண்டியதுதான். அந்த மெஷின் கேள்வி கேட்காது, தப்பான எண்ணைச் சொன்னால் தப்பான அளவைத்தான் உள்ளே விடும். பம்ப் இல்லையென்றால் இழுப்பறை திறக்காது. கணவரை அவருக்குத் தெரியும். அந்த மனிதர் வாயைத் திறப்பதும் அபூர்வம், திறந்தால் மாற்றுவதும் அபூர்வம்.

வியாழக்கிழமை நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி இரண்டாம் மாடியில் உட்கார்ந்திருந்தார் மாஸ்டரம்மா. பக்கத்தில் கணவர். நர்ஸ் மத்தியானப் பக்கங்களைப் புரட்டினார். நெற்றி சுருங்கியது.

"அம்மா, இதெல்லாம் கண்ணால பாத்து எழுதினதா, தராசுல வெச்சா?"

"கண்ணால. ஆனா கண்ணு சரியில்ல சிஸ்டர். வயசாச்சு." அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்து கணவர் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தார்.

"பாத்துருவோமே" என்று நர்ஸ் தன் சாப்பாட்டு டப்பாவையே எடுத்துத் திறந்தார். சோற்றைத் தட்டில் கொட்டினார். ரொட்டி இரண்டு துண்டு, வாழைப்பழம் ஒன்று பக்கத்தில் வைத்தார். "சொல்லுங்க."

மாஸ்டரம்மா கொஞ்சம் தள்ளி நின்று, துணியைப் பார்ப்பது போல ஒரு கண்ணைச் சுருக்கினார். "சோறு நாப்பத்தி ரெண்டு. ரொட்டி முப்பது. பழம் இருபத்தஞ்சு... இல்ல, இது குட்டை. இருபத்தி ரெண்டு. சிஸ்டர், இவ்வளவுதான் சாப்பிடறீங்களா? அதான் தோளு இறங்குது."

நர்ஸ் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துக் கணக்குப் போட்டார். சோறு நாற்பத்தொன்று. ரொட்டி முப்பது. பழம் இருபத்திரண்டு. தராசைத் தட்டிவிட்டு மறுபடி வைத்தார். அதே எண்கள்.

"அம்மா, எனக்கே இப்படி வராது" என்றார் நர்ஸ். "அப்பறம் ஏன் நோட்டுல போன திங்கக்கிழமை இதே அளவு சோத்துக்கு அம்பத்தி ரெண்டுன்னு இருக்கு? இங்க பாருங்க, வாழைப்பழம் முப்பது. ரொட்டி முப்பத்தெட்டு."

"அது மார்ஜினோட சிஸ்டர்."

"எதோட?"

"மார்ஜின். உடம்பு அளவுக்கே யாராவது துணி வெட்டுவாங்களா? ரெண்டு விரல் விட்டுத்தான் வெட்டணும். நாளைக்குப் பத்தலேன்னா பிரிச்சு விட்டுக்கலாம்ல? மொத ரெண்டு வாரம் நீங்க சொன்ன மாதிரியே எழுதினேன். அப்பறம் யோசிச்சேன், இவ்வளவு இறுக்கமா எழுதினா ஆகாது, கொஞ்சம் தாராளமா விடுவோம்னு. எதுக்கும் கைவசம் இருக்கட்டுமேன்னு." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தொழில் தெரிந்தவரின் நிதானம் இருந்தது. நல்ல வேலைக்காரி செய்கிற வேலையைத்தான் செய்திருக்கிறார்.

நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு முழங்காலுக்கு முழங்கால் உட்கார்ந்தார்.

"அம்மா, அந்த எண்ணுக்குத்தான் நீங்க இன்சுலின் ஏத்தறீங்க. துணியில ரெண்டு விரல் கூட விட்டா மடிச்சு உள்ள வெச்சுக்கலாம். உடம்புல கூடப் போனதை எங்க மடிக்கிறது? ஏத்தினதைப் பிரிக்க முடியாதும்மா."

மாஸ்டரம்மா தட்டில் இருந்த சோற்றைப் பார்த்தார். இருபது இடது கைகளைப் பார்த்தது போல வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப... தினம் நாலு மணிக்கு என்னைத் தள்ளிவிட்டது அந்த ரெண்டு விரலா?"

"அந்த ரெண்டு விரல்தான்."

"கண்ணு?"

"உங்க கண்ணை அடமானம் வெச்சா நானே வாங்கிப்பேன்."

மாஸ்டரம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே தெருவில் ஒரு ஆள் போய்க்கொண்டிருந்தான். "நாப்பது" என்றார் யாரிடமோ. "அவனுக்கு அடுத்து வர்றவன் முப்பத்தி நாலு." திரும்பியபோது கண்ணெல்லாம் ஈரம், வாயெல்லாம் பல். "என்னங்க, கேட்டீங்களா? தராசைவிட ஒரே ஒரு கிராம்தான் வித்தியாசம். அதுவும் தராசுதான் தப்பா இருக்கும்."

"ம்" என்றார் கணவர். ஆமாம் என்கிற "ம்".

டாக்டர் வந்து நோட்டைப் பார்த்தார், கதையைக் கேட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வெகுநேரம் சிரித்தார். பம்ப்பைத் தள்ளிப்போட வேண்டாம் என்றார். ஆனால் உடனே இன்சுலின் கிடையாது. ஒரு வாரத்துக்கு உள்ளே வெறும் உப்புத்தண்ணீர். ஊசி வழக்கம் போல. பெட்டியோடு படுத்து, எழுந்து, குளித்துப் பழக வேண்டும். மார்ஜின் இல்லாமல் ஏழு நாள் எழுதிக்கொண்டு வர வேண்டும். அடுத்த வியாழக்கிழமை இன்சுலினை நிரப்பிக்கொள்ளலாம்.

"ஓட்டுத் தையல் போட்டு அளவு பாக்கிற மாதிரி" என்று மாஸ்டரம்மா டாக்டருக்கு விளக்கிச் சொன்னார். "பிடிச்சா மெஷின் தையல். நல்ல முறை டாக்டர். எவனோ தையக்காரன்தான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கணும்."

நர்ஸ் வயிற்றில் ஒட்டிவிட்டார். குத்தும்போது மாஸ்டரம்மா அதைக் கவனிக்கக்கூட இல்லை. தான் தைத்த ஏழாவது பையை எடுத்து நீட்டி, காஜாவுக்குள் குழாயை எப்படி விடுவது என்று நர்ஸுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். நர்ஸ் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மற்ற நோயாளிகளுக்கும் இது மாதிரி கிடைக்குமா என்றார். "அளவு குடுங்க தங்கம், அள்ளிக் குடுக்கறேன்." சிஸ்டர் தங்கமாகிவிட்டார்.

கொண்டுபோயிருந்த சாப்பாட்டை அங்கேயே நர்ஸ் முன்னால் சாப்பிட்டார். மாவுச்சத்து அறுபத்தி நாலு கிராம். அதற்கான ஊசி, அதற்கு மேல் ஒரு துளி இல்லை. நாலு மணிக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அனுப்பி வைத்தார்கள்.

பட்டறையில் அன்று நாலு மணிக்கு ஆறு மெஷினும் ஒன்றாக நின்றன. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மாஸ்டரம்மா வெட்டு மேசையில் உட்கார்ந்து விரலைக் குத்தி, சின்னக் கருவியில் ஒரு சொட்டு வைத்தார். அது ஐந்திலிருந்து கீழே எண்ணியது. காலர்க்காரி எட்டிப் பார்த்து உரக்கப் படித்தாள்: "நூத்தி இருபத்தாறு!"

"நான்தான் சொல்லணும், நீ என்னடி சொல்றே?" என்றார் மாஸ்டரம்மா. குரல் மறுபடி இரண்டு மெஷினைத் தாண்டியது.

இஸ்திரி மேசையில் இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. கணவர் கத்தரிக்கோலைப் பிடியைப் பிடித்துக் கொடுக்கவில்லை. கூர் தன் பக்கம் இருக்கும்படி நீட்டினார். மாஸ்டரம்மா வாங்கி ஒருமுறை திறந்து மூடினார். சத்தமே வரவில்லை. இரண்டு வாரம் சும்மா கிடந்தது, கொஞ்சமாவது முனகியிருக்க வேண்டும். விரலை மூக்கருகே கொண்டுபோனார். மெஷின் எண்ணெய் வாசனை.

"தினம் போட்டேன்" என்றார் கணவர்.

மாஸ்டரம்மா அவரைப் பார்த்தார். "எல்லாரும் என்ன வேடிக்கை பாக்கறீங்க? மிதிங்க" என்று மெஷின்களைப் பார்த்துக் கத்தினார். பிறகு நீலத் துணியை எடுத்து, அந்த இருபது இடது கைகளுக்குப் புதிதாகக் கோடு போட ஆரம்பித்தார். இடுப்பில் ஏழாவது பை அசையாமல் இருந்தது.

டீ வந்தது. கூடவே ஒரு பன். மாஸ்டரம்மா ஒரு கண்ணைச் சுருக்கிப் பன்னைப் பார்த்தார். நோட்டைத் திறந்து, 'முப்பது' என்று எழுதினார். எழுதிய பேனா நோட்டை விட்டுப் போகவில்லை. எண்ணுக்கு மேலேயே அந்தரத்தில் நின்றது. கணவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தார். எண்ணை மாற்றாமலே மாஸ்டரம்மா பேனாவை டக்கென்று மூடினார்.

பிறகு கத்தரிக்கோலைத் திறந்து, சாக்பீஸ் கோட்டிலிருந்து இரண்டு விரல் வெளியே தள்ளித் துணியில் வைத்தார்.